பதினேழாம் நம்பருக்கு இரண்டு பஸ்

“ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு பஸ்ஸை எப்படி சார் ஓட்டுறது? இந்தக் கால் அதுல, அந்தக் கால் இதுலயா?”

டெப்போ மேனேஜரின் அறையில் பதினேழாம் நம்பர் டிரைவர் இரண்டு கால்களையும் அகட்டி வைத்து, அது எப்படி இருக்கும் என்று நடித்தும் காட்டினார். அவர் கையில் அன்றைய டூட்டிப் பட்டியல். காலை ஆறு மணிக்குக் கிழக்கே கிளம்பும் பஸ்ஸுக்கும் பதினேழு. அதே ஆறு மணிக்கு மேற்கே கிளம்பும் பஸ்ஸுக்கும் பதினேழு.

பட்டியலை எழுதியவர் ஓரமாக நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு பஸ், ஐம்பத்தெட்டு டிரைவர். யாருக்கு எந்த பஸ், யாருக்கு லீவு என்று தினமும் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதுதான் பதினோரு வருடமாக அவருடைய வேலை. டெப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; ‘பட்டியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் பாசமாகக் கூப்பிட்டார்கள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

“போன மாசம் ரிடையர் ஆனவருக்கு டூட்டி போட்ட. பாவம், அந்த மனுஷன் வந்து ஓட்டிட்டும் போனாரு,” என்றார் மேனேஜர்.

“சின்னக் கவனக்குறைவு சார்.”

“இனிமே அந்தக் கவலையே உனக்கு வேணாம். கடைசி டெப்போவுக்கு உன்னை மாத்திடறேன். மொத்தம் நாலு பஸ், நாலு டிரைவர். அங்க உன்னால தப்புப் பண்ணவே முடியாது.”

கடைசி டெப்போ எட்டு மணி நேரப் பயண தூரம். பட்டியலின் மனைவி வீட்டிலேயே துணி தைத்து, ஆறு வருடத்தில் ஒரு தெரு நிறைய வாடிக்கை பிடித்து வைத்திருந்தாள். மகளுக்கு இப்போதுதான் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. மாறுதல் என்றால் அத்தனையும் போச்சு. பயம் வந்தால் அவருடைய வாய் மூளையைக் கேட்காமலேயே ஓட ஆரம்பித்துவிடும். இப்போதும் ஓடியது.

“சார், வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன் சார். இனிமே பட்டியலை அதுதான் போடப்போகுது.”

அந்தக் காலத்தில் அந்த டெப்போவில் கம்ப்யூட்டரைச் செய்தித்தாளில் தவிர வேறெங்கும் பார்த்தவர் கிடையாது.

“கம்ப்யூட்டர்னா ஒரு ஹால் முழுக்க இருக்குமேய்யா. உன் வீட்டுல எங்க வச்சிருக்க?”

“டி.வி.க்குப் பக்கத்துல சார்.”

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “மூணு மாசம் டைம். நானே உன் வீட்டுக்கு வருவேன். என் கண்ணு முன்னால அது பட்டியல் போடணும். ஒரு நம்பர் ரெண்டு தடவை வந்துச்சோ, மூட்டையைக் கட்டு.”

இதில் ஒரே ஒரு சங்கடம்தான். பட்டியல் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கவில்லை. போகிற வழியில் ஒரு கடை ஜன்னலில் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை மெக்கானிக்கின் தலையில் கட்டிவிட்டு, கம்ப்யூட்டரை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை டெப்போவுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்றார். பஸ் வரவில்லை. அந்த பஸ்ஸுக்கு டிரைவர் போட மறந்தது யார் என்பது அவருக்கு நின்றுகொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது.

வீட்டில் வேறு கதை.

“பெட்டி எங்க?” என்றாள் மனைவி.

“இதுதான் பெட்டி.”

“இது டைப் அடிக்கிற பலகை. கம்ப்யூட்டர் எங்கங்க?”

“அது உள்ளயே இருக்கு.”

மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். காதில் வைத்தும் பார்த்தாள். “ஸ்கூட்டரைக் குடுத்துட்டு சோப்பு டப்பா வாங்கிட்டு வந்திருக்கீங்க,” என்று தீர்ப்புச் சொன்னாள்.

விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. பாதிக் கம்ப்யூட்டர் ஏற்கெனவே வாங்குகிறவர் வீட்டில் இருக்கிறது என்று அதைச் செய்தவர்கள் நம்பியிருந்தார்கள். திரைக்கு வீட்டு டி.வி. ஞாபகத்துக்கு வீட்டு டேப் ரிக்கார்டர். சுவிட்சை அணைத்தால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். அதற்குமுன் நாம் அடித்ததை ஒரு கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். அதைத் திரும்பப் போட்டால் பூனையைத் தகர வாளியில் அடைத்து உலுக்குகிற மாதிரி ஐந்து நிமிடம் கத்தும். பிறகுதான் எல்லாம் ஞாபகம் வரும்.

அந்தச் சத்தத்தின் இரண்டாவது நிமிடத்தில் தரைக்கு அடியிலிருந்து ‘டொக் டொக் டொக்’ என்று கேட்டது. கீழ்வீட்டு அம்மா துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்துக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டில் தனியாக இருந்த அந்த அம்மா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஐம்பது வயது இருக்கும். பகலில் பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பார்; சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிறர் வாழ்வதில் கண்டுபிடிப்பார். தண்ணீர் மோட்டார் பற்றி வீட்டுக்காரர் மாடிப்படியில் ஒட்டிய அறிவிப்பில் சிவப்பு மையால் ஏழு திருத்தம் போட்டு, அடியில் ‘மறுபடி எழுதிக் காட்டவும்’ என்று எழுதியவர்.

“என்ன தம்பி, வீட்டுல பூனை வளர்க்கறீங்களா?” என்று மறுநாள் படியில் வழிமறித்தார்.

“கம்ப்யூட்டர்ம்மா.”

“அதுக்கு உடம்பு சரியில்லையா?”

பட்டியல் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தார்.

நான்காவது நாள் டி.வி.யே ஆட்டம் கண்டது. கம்ப்யூட்டர் வயரைச் செருக ஏரியல் வயரைப் பிடுங்க வேண்டும். மனைவி நாடகம் பார்க்க அதைப் பிடுங்கி இதைச் செருக வேண்டும். பிடுங்கிப் பிடுங்கி ஓட்டை தளர்ந்து, நாடகத்தில் மருமகள் வீட்டைவிட்டு வெளியேறிய கட்டத்தில் படமும் வெளியேறியது.

“கீழ்வீட்டுக்கும் நமக்கும் ஒரே ஏரியல்னு வீட்டுக்காரர் கஞ்சத்தனம் பண்ணி, ஏற்கெனவே பாதிப் படம்தான் தெரியுது,” என்றாள் மனைவி. “அந்தப் பாதியையும் புடுங்கிட்டீங்களா? திருப்தியா?”

பட்டியல் எலெக்ட்ரிக் கடைக்கு ஓடி, மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பு வாங்கி வந்தார். ஒரு வாயில் ஏரியல், ஒரு வாயில் கம்ப்யூட்டர், ஒரு வாயில் டி.வி. இனி எதையும் பிடுங்க வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டால் கம்ப்யூட்டர் தெரியும்; அணைத்தால் நாடகம் தெரியும். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக மனைவி “பரவாயில்லையே” என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் கேசட்டைப் போட்டார். பூனை கத்தியது. கீழே செய்தி நேரம். துடைப்பக் கட்டை முன்னைவிடப் பலமாக இடித்தது.

பட்டியலுக்கு வந்ததே கோபம்! படியிறங்கிப் போய்ச் சண்டை போடத் தைரியமில்லை. ஆனால் கையில் கம்ப்யூட்டர் இருந்தது. கூட வந்த புத்தகத்தின் முதல் பாடம், மொத்தமே இரண்டு வரி. முதல் வரிக்கு எண் பத்து: இதைத் திரையில் எழுது. அடுத்த வரிக்கு எண் இருபது: மறுபடி பத்தாம் வரிக்குப் போ. எதை எழுத வேண்டும் என்பது நம் இஷ்டம். பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் ‘கீழ்வீட்டு ராட்சசி’ என்று அடித்தார்.

திரை முழுக்கக் கீழ்வீட்டு ராட்சசி. வரிவரியாக, நிற்காமல், மேலே ஓடிக்கொண்டே இருந்தாள். மகள் கைதட்டிக் குதித்தாள்.

“ஐயையோ, அழிங்க முதல்ல,” என்றாள் மனைவி. “அந்த அக்காவுக்குத் தெரிஞ்சா?”

“நாலு சுவத்துக்குள்ள நம்ம டி.வி.ல ஓடுது. யாருக்குத் தெரியப்போகுது?”

அதற்குள் கேசட் சத்தம் நின்றிருந்தது. துடைப்பக் கட்டையும் பாதி இடியோடு நின்றுபோனது. பட்டியலுக்கு மனசு லேசானது. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். முன்ஜாக்கிரதையாக மறுநாள் டேப் ரிக்கார்டரை ஒரு போர்வையில் சுற்றினார். அதற்குப் பிறகு கீழேயிருந்து ஒரு ‘டொக்’கூட வரவில்லை. எல்லாம் போர்வையின் மகிமை என்று மெச்சிக்கொண்டார்.

பிறகு வேலை சூடுபிடித்தது. டெப்போவிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாக அடிப்பார். பத்து, இருபது, முப்பது என்று வரிகளுக்கு எண் போட்டுக்கொண்டே போவார்.

“ஏம்ப்பா பத்துப் பத்தா போறீங்க? ஒண்ணு, ரெண்டு, மூணு தெரியாதா?” என்றாள் மகள்.

“நடுவுல எதையாவது மறந்திருந்தா, பின்னால சேர்க்க இடம் வேணும்ல?”

மகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து வீட்டுப் பாடத்தையும் பத்து, இருபது என்றே எழுதி வாத்தியாரிடம் திட்டு வாங்கினாள். இன்றைக்கு அவள் பெரிய கம்பெனியில் அறுபது பேரை மேய்க்கிறாள். இன்னும் மளிகைச் சாமான் பட்டியலை அப்படித்தான் எழுதுகிறாள். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் கணவர் இருபத்தைந்தாக எதையாவது செருகிக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தில் பட்டியல் போடும் புரோகிராம் தயாரானது. ஓட்டிப் பார்த்தார். நாலு நிமிடம் யோசித்துவிட்டு, ஐம்பத்திரண்டு பஸ்ஸுக்கும் அது ஆள் போட்டது. பதினேழாம் நம்பருக்கு மட்டும் இரண்டு பஸ்.

அவருக்கு மயக்கமே வந்தது. தான் எப்படிப் பட்டியல் போடுவாரோ அதை அப்படியே வரிவரியாகப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பதினோரு வருடமாகத் தன் மண்டைக்குள் இருந்த ஓட்டையையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டார்.

ஒரு வரியைத் திருத்தினார். எல்லா டிரைவருக்கும் ஒரே நாளில் லீவு வந்தது. அதைத் திருத்தினார். ஒரே பஸ்ஸுக்கு ஐம்பத்தெட்டு டிரைவர் வந்தார்கள். பழையபடி ஆக்கி, பதினேழாம் நம்பருக்கு லீவு கொடுத்துப் பார்த்தார். பதினெட்டு இரண்டு முறை வந்தது. பதினெட்டுக்கும் லீவு கொடுத்தார். பத்தொன்பது வந்தது. இப்படியே போனால் டெப்போவையே இழுத்து மூட வேண்டியதுதான்.

இடையில் மனைவியின் இஸ்திரிப் பெட்டி வேறு. அதைப் போட்டால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் பெட்டிக்குச் சகலமும் மறந்துபோகும். அவர் ஆறு மணிக்கு மேல் இஸ்திரி கூடாது என்று சட்டம் போட்டார். வாடிக்கைக்காரர்கள் கசங்கிய துணியை வாங்கிக்கொண்டு கசங்கிய முகத்தோடு போனார்கள்.

“நாம இங்கயே இருக்கணும்னுதான் இவ்வளவும்,” என்றார் பட்டியல்.

“இங்கயே இருந்தாலும் தைக்கக் குடுக்க ஆள் வரணுமேங்க,” என்றாள் மனைவி.

ஆச்சரியம் என்னவென்றால், கீழ்வீட்டு அம்மா இப்போதெல்லாம் படியில் பார்த்தால் சிரித்தார். “கண்ணைக் கெடுத்துக்காதீங்க தம்பி. நேத்து ரொம்ப நேரம் உக்காந்துட்டீங்க,” என்பார். ஒரு நாள் காய்கறிப் பையோடு நின்று, “இருக்கற வரியையே பாத்துட்டிருந்தா தப்பு கிடைக்காது. எங்க அச்சகத்துல நான் முதல்ல, இருக்க வேண்டியது எது இல்லைன்னுதான் தேடுவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியல் நேராக மனைவியிடம் போனார். “நம்ம வீட்டுக் கதையெல்லாம் அந்த அம்மாகிட்ட ஒப்பிக்கிறியா?”

“நான் எதுக்கு ஒப்பிக்கணும்? உங்க மூஞ்சியைப் பார்த்தாலே ஊருக்கே தெரியுது.”

மேனேஜர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினேழாம் நம்பர் இன்னும் இரண்டு பஸ்ஸையும் விட்டபாடில்லை. பட்டியலிடம் ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது. டூட்டிப் பட்டியல் திரையில் ஓடும்போது, பதினேழு வருகிற இடத்தில் மேனேஜருக்கு டீ கொடுக்க வேண்டும். மனைவிக்கு இரண்டு நாள் ஒத்திகை நடந்தது.

எட்டரை மணிக்குக் கேசட்டைப் போட்டார். பெட்டி எதையும் கண்டுகொள்ளவில்லை. மறுபடி போட்டார். ம்ஹூம். சந்தேகம் வந்து, டேப்பில் என்னதான் இருக்கிறது என்று வயரைக் கழற்றிக் காதால் கேட்டார்.

பூனை கத்தவில்லை. “மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே! நடுவர் அவர்களே! நான் இன்று ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்னும் தலைப்பில்…” என்று மகளின் குரல் கணீரென்று கேட்டது.

மகள் கதவோரம் வெளிறிப்போய் நின்றாள். “பேச்சுப் போட்டிக்குப் பேசிப் பார்த்தேன்ப்பா. ‘பழைய பாட்டு’ன்னு எழுதியிருந்துச்சு. இந்த வீட்டுல யாரும் கேக்காத கேசட்டு அதுதானேன்னு…”

யாரும் தொடக்கூடாது என்று புரோகிராம் கேசட்டைப் ‘பழைய பாட்டு’ என்று எழுதிய டப்பாவில் ஒளித்துவைத்தது சாட்சாத் பட்டியலேதான். யாரைத் திட்டுவது? மகளைத் திட்ட வாயைத் திறந்தார். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“போனா போகுது. எல்லாம் மனசுல இருக்கு. அடிச்சிடறேன்,” என்று உட்கார்ந்தார். பத்து, இருபது, முப்பது… நூற்றுப்பத்துவரை மளமளவென்று வந்தது. அதற்குமேல் வியர்வைதான் வந்தது.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. மாறுதலே வந்தாலும் இந்த மனுஷன் மானமாக நிற்கட்டும் என்று, அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள்.

பட்டென்று எல்லாம் அணைந்தது.

“ஐயோ!” என்றாள் மனைவி.

“ஒண்ணும் சொல்லாத,” என்றார் பட்டியல். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபியூஸ் இனிமேல் போகவே கூடாது என்று தடித்த கம்பியாக எடுத்து முறுக்கிப் போட்டார். அவருடைய ஃபியூஸ் போகவில்லை. அதற்குப் பதிலாகக் கீழே படியடியில் இருந்த மெயின் ஃபியூஸ் டமாரென்று வெடித்தது. இரண்டு வீட்டுக்கும் கரண்ட் போனது.

கொஞ்ச நேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

“இதுவேற பாக்கி,” என்று பட்டியல் சோபாவில் சாய்ந்தார்.

கீழ்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் துடைப்பக் கட்டை இல்லை. அக்குளில் ஒரு பெரிய நோட்டு, காதிடுக்கில் சிவப்புப் பேனா.

“என்ன ஆச்சு?”

“நான்தான் பெரியம்மா, அப்பா புரோகிராம் மேல தண்ணீரைச் சேமிச்சுட்டேன்,” என்று மகள் ஓவென்று அழுதாள்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. “மெயினை நான் போட்டுட்டேன். உங்க தடிக் கம்பியைத் தூக்கி எறிஞ்சுட்டு ஒழுங்கான ஃபியூஸா போடுங்க. போட்டுட்டு வந்து உக்காருங்க. நான் படிக்கிறேன், நீங்க அடிங்க.”

“எதைம்மா படிக்கறீங்க?”

“வாயை மூடிட்டு அடிங்க தம்பி. பத்து.”

அவர் நோட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அச்சகத்தில் பத்தொன்பது வருடம் படித்த குரல் அது. ஒரு புள்ளியை விடவில்லை. “அடைப்புக்குறி திற. கமா. மேற்கோள் குறி. மூடு. அடுத்த வரி.” பட்டியலின் விரல்கள் தானாக ஓடின. மூன்றாவது வரியிலேயே அவருக்குப் புரிந்துபோனது. அது அவருடைய புரோகிராம். அச்சு அசலாக அவருடையதேதான்.

பட்டியல் மனைவியைப் பார்த்தார். பரவாயில்லையே, எனக்குத் தெரியாமல் பிழை பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். மனைவியும் அவரைப் பார்த்தாள். பரவாயில்லையே, இவருக்குக்கூட இவ்வளவு புத்தி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

“முந்நூத்து நாப்பத்தஞ்சு,” என்றார் அம்மா.

பட்டியலின் விரல் நின்றது. “முந்நூத்து நாப்பது இருக்கு. முந்நூத்தம்பது இருக்கு. நடுவுல நாப்பத்தஞ்சு நான் எழுதலையேம்மா.”

“நான் எழுதினது. ஒரு ஆளுக்கு பஸ் குடுத்தாச்சுன்னா, மறுபடி அவருக்குக் குடுக்காதேன்னு நீங்க எந்த வரியிலயும் சொல்லல. அது பாவம், குடுத்தது தெரியாம அதே ஆளுக்கே குடுக்குது. நீங்க இடம் விட்டிருந்தீங்க, நான் சேர்த்தேன். அடிங்க.”

பட்டியல் அடித்தார். பதினோரு வருட ஓட்டை ஒரே வரியில் அடைபட்டது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து மணி ஆயிற்று. இன்னும் முப்பது வரி பாக்கி. மேனேஜர் வரவில்லை. பத்தே கால். வரவில்லை. கடைசி வரியை அடித்து முடித்து, மறக்காமல் ஒரு புதுக் கேசட்டில் பதிந்துவைத்து நிமிர்ந்தபோது, மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

“முக்கால் மணி நேரமா பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். ஒன்பதே கால் பஸ் வரவே இல்ல. யார்யா இன்னைக்கு அதுக்கு டிரைவர்?”

பட்டியல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “போடலை சார். மறந்துட்டேன்.”

“கையெழுத்துப் போட்ட உத்தரவு பாக்கெட்டுலயே இருக்கு. ஓட்டு உன் பெட்டியை!”

பட்டியல் ஓட்டினார். திரை ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மனைவி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாலாவது நிமிடத்தில் எண்கள் வர ஆரம்பித்தன.

மேனேஜர் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். பதினாறு. பதினேழு. மனைவி பழக்க தோஷத்தில் டீயை நீட்டினாள். அவர் கையால் ஒதுக்கிவிட்டார். நாற்பது. ஐம்பது. கடைசிவரை வந்தார். மறுபடி மேலேயிருந்து வந்தார்.

“பதினேழு ஒரு தடவைதான் வருது,” என்றார், நம்பாமல்.

“ஒரு தடவைதான் சார்,” என்றார் பட்டியல், அவரைவிட நம்பாமல்.

“நாளைக்கு அஞ்சாம் நம்பருக்கும் முப்பதாம் நம்பருக்கும் லீவுன்னா?”

பட்டியல் அதையும் அடித்தார். மறுபடி நாலு நிமிடம். இரண்டு பேரும் இல்லை. ஐம்பத்திரண்டு பஸ்ஸுக்கும் ஆள் இருந்தது. யாரும் இரண்டு முறை வரவில்லை.

மேனேஜர் பாக்கெட்டிலிருந்து உத்தரவை எடுத்து, நாலாகக் கிழித்து, டீத் தட்டில் வைத்தார். “நீ எங்கயும் போக வேணாம்யா. டெப்போவுக்கே இதுல ஒண்ணு வாங்கிடுவோம்.”

மனைவி சுவரில் சாய்ந்து அழுதேவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது. மகள் ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பின்னாளில் டெப்போவில் பெட்டிகள் எத்தனையோ மாறின. பெரிதாகி, சிறிதாகி, இப்போது டிரைவர்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலேயே டூட்டி வந்து விழுகிறது. ஆனாலும் கொடுத்தவருக்கே மறுபடி கொடுக்காதே என்ற அந்த வரியை, ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் யாராவது முதலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

“ஆனா சார், இது என் மூளை மட்டும் இல்ல,” என்றார் பட்டியல் அன்று மேனேஜரிடம். மனசு நிறைந்திருந்ததால் உண்மை தானாக வந்தது. “தப்பைக் கண்டுபிடிச்சது இந்த அம்மா.”

மேனேஜர் திரும்பி வணங்கினார். “அம்மா, நீங்களும் டெப்போவுக்கு வந்து இதையெல்லாம் ஒரு பார்வை பாக்கணும்.”

“அச்சகம் விட்டதும் வரேன். உங்க நோட்டீஸ் பலகையையும் சேர்த்துப் பாக்கறேன், அதுல நிறைய இருக்கு,” என்றார் அம்மா.

பட்டியல் மனைவியிடம் மெதுவாகக் குனிந்தார். “நல்லவேளை, நீ புரோகிராமை எழுதி அவங்ககிட்ட குடுத்து வச்ச.”

“நானா? எனக்கு அதுல ஒரு எழுத்துத் தெரியாதே. நீங்கதானே குடுத்தீங்க?”

“நான் எங்க குடுத்தேன்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவருமாகக் கீழ்வீட்டு அம்மாவைப் பார்த்தார்கள். அவர் நோட்டை மூடி, சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார் பட்டியல், “என் புரோகிராம் உங்க நோட்டுக்கு எப்படி வந்துச்சு?”

“ஒரு நாள் சாயங்காலம் என் டி.வி.ல செய்தி வாசிச்சிட்டிருந்தவர் திடீர்னு காணாமப்போயி, திரை முழுக்க ‘கீழ்வீட்டு ராட்சசி, கீழ்வீட்டு ராட்சசி’ன்னு ஓடிச்சே தம்பி, அன்னையிலிருந்து நீங்க மேல அடிக்கிறதையெல்லாம் நான் கீழ உக்காந்து ஒரு வரி விடாம பாத்துட்டுதான் இருக்கேன்!”